கம்பெனி கையில சிக்காத ஓஎஸ் எது? பாபநாசம் டிடிபி கடை அண்ணனுக்கு ஒரு நீளமான பதில்

மொதல்ல கேள்விய போட்டுடுறேன், அப்பதான் மத்தவங்களுக்கும் புரியும். பாபநாசத்துல ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கற ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. கடையில ரெண்டு பழைய டெஸ்க்டாப், ரெண்டுலயும் விண்டோஸ் 10. அதுக்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு, 11 ஏத்தலாம்னா மெஷினுக்கு தகுதி இல்லங்குது. வீட்ல பொண்ணுக்கு ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்கு. எந்தக் கம்பெனியும் நாளைக்கு வந்து இதுல லாகின் பண்ணு, அத மாத்துன்னு சொல்லாத, ஆன்லைன்ல நம்மள வேவு பாக்காத ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டற ஆபரேட்டிங் சிஸ்டம்) எது, நம்ம நாட்டு ஓஎஸ் ஏதாவது இருந்தா அதையே போட்டுக்கலாமா. இதான் கேள்வி.

அண்ணே, பதில மொதல்லயே சொல்லிடுறேன். லினக்ஸ்ங்கறது யாரு வேணா எடுத்து மாத்திக்கற ஓஎஸ், மின்ட், டெபியன், உபுன்டு எல்லாம் அதோட வகைங்க. கடையில ஒரு மெஷின்ல லினக்ஸ் மின்ட், அதுலயும் முடிஞ்சா டெபியன் மேல கட்டின எல்எம்டிஇ. வீட்டு லேப்டாப்ல டெபியன், எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப்போட. கடையோட இன்னொரு மெஷின் விண்டோஸ்லயே இருக்கட்டும், நெட்ட மட்டும் புடுங்கிடுங்க. ஆனா இந்த மூணுக்கும் முன்னாடி செய்ய வேண்டிய வேல ஒண்ணு இருக்கு, அது ஓஎஸ் சம்பந்தப்பட்டதே இல்ல, உங்க பழைய தமிழ் ஃபைல் சம்பந்தப்பட்டது. அதுக்கு கீழ வர்றேன்.

எந்த ஓஎஸ் நல்லா இருக்கு, எது அழகா இருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, உங்கள கேக்காம இத மாத்தற அதிகாரம் யார் கையில இருக்கு. ரெண்டு, பிடிக்கலன்னா உங்க ஃபைலெல்லாம் எடுத்துகிட்டு வெளிய போக முடியுமா. மத்ததெல்லாம் அப்புறம்தான்.

மொத விஷயத்துக்கு நம்ம நாட்டுலயே நடந்த கத ஒண்ணு இருக்கு. நயாரா எனர்ஜி, நம்ம பக்கம்கூட பெட்ரோல் பங்க் இருக்கே அவங்கதான், குஜராத் வாடினார்ல பெரிய ரிஃபைனரி வச்சிருக்காங்க. அதுல ரஷ்யாவோட ராஸ்நெஃப்ட் கம்பெனிக்கு பாதிக்கு கொஞ்சம் கம்மியா பங்கு இருக்கு. 2025 ஜூலைல ஐரோப்பிய யூனியன் அவங்க மேல தடை போட்டுச்சு. இந்தியா போடல, அமெரிக்கா போடல, ஆனாலும் மைக்ரோசாஃப்ட் அவங்க மெயில், டீம்ஸ் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. காசு கட்டி வாங்கின லைசன்ஸ்தாங்க அதெல்லாம். டெல்லி ஹைகோர்ட்டுக்கு போனாங்க, சில நாள்ல சர்வீஸ் திரும்ப வந்துச்சு. அவ்ளோ பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்காரு, நமக்கு யாரு இருக்கா?

அது கிளவுட் சர்வீஸ், ஓஎஸ் இல்லையேன்னு கேப்பீங்க, சரிதான். ஆனா விண்டோஸ் இப்ப அந்த அக்கவுன்ட்டுக்குள்ளதான் போயிட்டு இருக்கு. 11 ஹோம் எடிஷன் புதுசா ஏத்தறப்ப நெட்டும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் கேக்குது, அத தாண்டறதுக்கு நம்ம பசங்க வச்சிருந்த குறுக்கு வழிய எல்லாம் ஒவ்வொண்ணா அடைச்சுகிட்டே வர்றாங்க. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர ஒன்டிரைவ் தானா மேல ஏத்திக்குது, கஸ்டமர் குடுத்த ஆதார் ஸ்கேன் காப்பி எங்க போய் உக்காந்திருக்குன்னு கடைக்காரருக்கே தெரியாது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் நீட்டிக்கறோம்னு சொன்னாங்கல்ல, நம்ம ஊர்ல அதுக்கும் அவங்க அக்கவுன்ட்ல லாகின் பண்ணியே ஆகணும். 2024 மே மாசம் ரீகால்னு ஒண்ணு அறிவிச்சாங்க, ஸ்க்ரீன்ல நடக்கறத எல்லாம் அப்பப்ப ஃபோட்டோ புடிச்சு வச்சுக்குமாம். ஊரே திட்டினதுக்கப்பறம் தள்ளி வச்சு, கொஞ்சம் மாத்தி, புதுசா வர்ற சில மெஷின்ல மட்டும் கொண்டு வந்தாங்க. உங்க பழைய மெஷினுக்கு அது வராதுதான், ஆனா எந்தத் திசையில போறாங்கன்னு தெரியுதுல்ல.

கஜா புயல நினைச்சு பாருங்க, 2018 நவம்பர் 16. எங்க மன்னார்குடி பக்கம் கரண்ட் வர்றதுக்கு வாரக்கணக்காச்சு, டவர் கெடையாது. ஜென்செட் போட்டா மெஷின் ஓடும், ஆனா அந்த நேரத்துல ஹார்ட்டிஸ்க் போயி புதுசா ஓஎஸ் ஏத்தணும்னா நெட் இல்லாம ஒரு யூசர்கூட கிரியேட் பண்ண முடியாத ஓஎஸ்ஸ வச்சு என்ன பண்றது? லினக்ஸ் பென்டிரைவ் ஒண்ணு மேசை டிராயர்ல கெடந்தா போதும், ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் நெட் இல்லாமலே ஏத்திடலாம்.

இப்ப நம்ம நாட்டு ஓஎஸ் கேள்வி. இது நிறைய பேர் கேக்கறாங்க, ஜோஹோ கம்பெனியோட அரட்டை ஆப் அலை வந்ததுலேருந்து இன்னும் ஜாஸ்தி. பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் சென்னையில உருவாக்கினது, 2007-லேருந்து வருது. உங்க பொண்ணோட லேப்டாப்ல வந்தப்பவே விண்டோஸ் பக்கத்துல அது இருந்திருக்கும், அந்தத் திட்டத்துல வந்த லேப்டாப்புல பல பேட்ச் அப்படித்தான் ரெண்டு ஓஎஸ்ஸோட வந்துச்சு. பாதி பசங்க மொத வாரத்துலயே அத அழிச்சிட்டு கேம் ஏத்திட்டானுங்க, அது வேற கத. பாதுகாப்புத் துறை 2023-ல மாயான்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. இதுல விஷயம் என்னன்னா பாஸ் டெபியன் மேல கட்டினது, மாயா உபுன்டு மேல கட்டினது, உபுன்டுவே டெபியன் மேல கட்டினது. அப்ப அடில போயி டெபியனையே போட்டுக்கிட்டா செக்யூரிட்டி அப்டேட் நேரா வரும், நடுவுல ஒரு ஆபீஸ் ஃபைல நகத்தற வரைக்கும் காத்திருக்க வேணாம். பாஸ் மோசம்னு சொல்லல, தமிழ் சப்போர்ட்டுக்கு அவங்க ஆரம்பத்துல செஞ்ச வேல நல்ல வேல. ஆனா கடை மெஷினுக்கு நான் அத சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, நம்ம ஊரு கம்பெனிங்கறதுக்காக அது நம்ம கையில இருக்குன்னு ஆயிடாதுங்க. ஜோஹோவ ஆரம்பிச்ச ஸ்ரீதர் வேம்பு நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்தான், பெருமதான், சர்வர் இங்க இருக்கு, வேல இங்க கெடைக்குது, அதெல்லாம் நல்லது. ஆனா ஜோஹோ சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோட், அதாவது அத எழுதின மூல நிரல், எல்லாரும் பாக்கற மாதிரி திறந்து இல்ல, நாளைக்கு அவங்க ஒரு வசதிய எடுத்துட்டா நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. முதலாளி அமெரிக்காவுல இருக்காரா தென்காசியில இருக்காராங்கறது ஒரு கேள்வி. முதலாளிய மீறி நம்மளால நிக்க முடியுமாங்கறது வேற கேள்வி.

அந்த ரெண்டாவது கேள்விக்கு பதில் லைசன்ஸ்லதான் இருக்கு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் நடத்தின நெல் திருவிழா உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். மாப்பிள்ளை சம்பாவோ கருடன் சம்பாவோ 2 கிலோ விதை குடுப்பாங்க, அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி குடுக்கணும், அது இன்னும் ரெண்டு பேருக்கு போகும். யாரும் அந்த நெல்ல பூட்டி வச்சு என்னோடதுன்னு சொல்ல முடியாது. லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸோட உள் மையம்) இருக்கற ஜிபிஎல் லைசன்ஸோட கணக்கு கிட்டத்தட்ட அதேதான். எடுத்துக்க, மாத்திக்க, வித்துக்கூட காசு பண்ணிக்க, ஆனா மாத்தினத இன்னொருத்தனுக்கு குடுக்கறப்ப சோர்ஸோட, அதே உரிமையோட குடுக்கணும். 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூன்னு ஒரு சுதந்திர ஓஎஸ் திட்டத்த ஆரம்பிச்சு வச்சாரு, அதோட 1991-ல ஃபின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு காலேஜ் பையன் எழுதின கெர்னல் வந்து சேந்துச்சு, இன்னிக்கு உங்க ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலயும் அந்தக் கெர்னல்தான் ஓடுது.

சரி, லினக்ஸ்லயே நூறு வகை இருக்கே, அதுல எதுன்னு கேட்டா, இங்கயும் அதே ரெண்டு கேள்விதான், ஏன்னா லைசன்ஸ் ஒழுங்கா இருந்தும் நடத்தறவன் பாத மாத்தலாம். சென்டோஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ரெட்ஹேட் கம்பெனி பாத்துகிட்டது, சர்வர் வச்சிருக்கறவங்களுக்கு தெரியும். ரெட்ஹேட்ட ஐபிஎம் 2019-ல வாங்கினாங்க. 2020 டிசம்பர்ல திடீர்னு சென்டோஸ் 8-க்கு 2029 வரைக்கும் சொன்ன சப்போர்ட்ட 2021-ஓட நிறுத்தறோம்னாங்க. உலகம் பூரா சர்வர் வச்சிருந்தவன் தலையில கை வச்சு உக்காந்தான். ஆனா லைசன்ஸ் ஒழுங்கா இருந்ததால கொஞ்ச மாசத்துலயே ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ்னு ரெண்டு பேர் அதே கோட எடுத்து தொடர்ந்துட்டாங்க. விண்டோஸ் 10-க்கு அப்படி ஒருத்தன் வர முடியுமா? முடியாது.

உபுன்டு கம்பெனி கேனானிக்கல். 2012-ல நீங்க கம்ப்யூட்டருக்குள்ள ஃபைல் தேடினா அதோட அமேசான் சாமானும் சேத்து காட்டற மாதிரி வச்சாங்க, திட்டு வாங்கி அப்புறம் எடுத்தாங்க. இப்ப சாஃப்ட்வேர ஏத்தறதுக்கு ஸ்னாப்னு ஒரு முறை, அதோட கடை சர்வர் அவங்க கையில மட்டும்தான், சோர்ஸும் திறந்து இல்ல. லினக்ஸ் மின்ட்காரங்க உபுன்டு மேலதான் கட்டறாங்க, ஆனா 2020-ல மின்ட் 20 வந்தப்ப இந்த ஸ்னாப் நம்மள கேக்காம உள்ள வரக்கூடாதுன்னு அடைச்சிட்டாங்க. மின்ட் பெரிய கம்பெனி இல்ல, சின்ன டீம், நன்கொடையில ஓடுது. உபுன்டு நாளைக்கு ஒத்து வரலன்னா தப்பிக்க டெபியன் மேல நேரா கட்டின எல்எம்டிஇன்னு ஒண்ண தனியா வச்சு ஓட்டிகிட்டே இருக்காங்க. எனக்கு மின்ட்காரங்க மேல மரியாத வந்ததே இந்த முன்யோசனையாலதான்.

டெபியன் 1993-லேருந்து இருக்கு, பின்னாடி கம்பெனியே கெடையாது. உலகம் பூரா தன்னார்வமா வேல பாக்கறவங்க, வருஷா வருஷம் ஓட்டு போட்டு தலைவர தேர்ந்தெடுக்கறாங்க, 1997-ல எழுதின சமூக ஒப்பந்தம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, பெரிய முடிவெல்லாம் பொது ஓட்டுக்கு போகும். 2022-ல அப்படித்தான் ஒரு ஓட்டு நடந்துச்சு. வைஃபை சிப் மாதிரி சாமானுக்கு வேண்டிய சோர்ஸ் இல்லாத ஃபர்ம்வேர (சிப்ப ஓட்டற குட்டி சாஃப்ட்வேர) இன்ஸ்டாலர்லயே சேக்கலாமா வேணாமான்னு பயங்கர விவாதம், கடைசியில சேக்கலாம்னு முடிவாச்சு. அதனாலதான் 2023-ல வந்த டெபியன் 12-லேருந்து லேப்டாப்ல வைஃபை வரலங்கற பொலம்பல் கம்மியாச்சு. அதுக்கு முன்னாடி டெபியன் ஏத்தறதுன்னா லேன் கேபிள தூக்கிட்டு அலையணும். இவங்களோட வருஷாந்திர மாநாடு 2023-ல கொச்சியிலயே நடந்துச்சு, நம்ம பக்கத்துலதான். இப்ப இருக்கறது டெபியன் 13, 2025 ஆகஸ்ட்ல வந்தது. அதுல 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலர் கெடையாதுங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, உங்க லேப்டாப் 64 பிட்டான்னு பாத்துட்டு டவுன்லோட் பண்ணுங்க.

இதுக்கு மேல தூய்மையானது வேணும்னா ட்ரிஸ்குவெல், குய்க்ஸ் மாதிரி இருக்கு, சோர்ஸ் இல்லாத ஒரு பைட்டகூட உள்ள விடாதது. கொள்கையா பாத்தா அதான் சரி, ஆனா பாபநாசத்துல நீங்க வாங்கின லேப்டாப்ல வைஃபை வேல செய்யாம போக நெறய வாய்ப்பு இருக்கு. ஓபன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி எல்லாம் நல்ல சரக்கு, சர்வருக்கு. ஆர்ச் லினக்ஸ் உங்களுக்கு வேணாம், அது பொழுது போகாத பசங்களுக்கு. ரியாக்ட்ஓஎஸ் விண்டோஸ் மாதிரியே ஓடும்னு எவனாவது யூட்யூப்ல சொன்னா நம்பி கடையில போட்டுடாதீங்க, அது இன்னும் சோதனை நிலையிலதான் இருக்கு. யாரையும் பாத்து கட்டாம சொந்தமா அடிலேருந்து கட்டினதுதான் தனித்து நிக்கற ஓஎஸ்னு சில பேரு லிஸ்ட் போடுவாங்க. உங்களுக்கு அது முக்கியமே இல்லங்க, நாளைக்கு அத பாத்துக்க ஆளு இருக்கானான்னுதான் பாக்கணும். கும்பகோணத்துலயோ தஞ்சாவூர்லயோ ஒரு சர்வீஸ் பையன கூப்ட்டா அவன் மின்ட்டும் உபுன்டுவும் பாத்திருப்பான். சுதந்திரம்னு சொல்லி யாருக்குமே தெரியாத ஒண்ண போட்டுகிட்டா கடைசியில அந்த ஒரே ஒரு பையன நம்பித்தான் ஓட்டணும்.

ஆள் கூட்டம் நடத்தினா ஆபத்தே இல்லைன்னும் இல்ல. 2024 மார்ச்ல எக்ஸ்இசட்ங்கற ஒரு சின்ன கம்ப்ரெஷன் லைப்ரரிக்குள்ள ஒருத்தன் ரெண்டு மூணு வருஷமா நல்லவன் மாதிரி உதவி பண்ணி நம்பிக்கைய சம்பாதிச்சு கள்ளக் கதவு வச்சிட்டான். ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட்னு ஒரு இன்ஜினியர், லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டப்போயி கண்டுபிடிச்சாரு. சோர்ஸ் திறந்திருந்ததாலதான் அவரால நோண்ட முடிஞ்சுது. அந்தக் கோளாறு டெபியனோட சோதனை வெர்ஷனுக்குத்தான் போயிருந்துச்சு, நல்லா சோதிச்சு வெளியிடற ஸ்டேபிளுக்கு வரல. அதனாலதான் சொல்றேன், புதுசு புதுசா வேணும்னு அலையாம ஸ்டேபிளையே போடுங்க, பழசா தெரியும், பரவால்ல.

இப்ப நான் மொதல்ல சொன்ன அந்த வேலைக்கு வர்றேன், உங்க தமிழ் ஃபைல். டிடிபி கடைன்னா பேஜ்மேக்கர் இருக்கும், அதுல கல்யாணப் பத்திரிக, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலின்னு பத்து பதினஞ்சு வருஷ ஃபைல் இருக்கும், எல்லாம் பாமினி, வானவில், செந்தமிழ்னு பழைய ஃபான்ட்ல. அந்த ஃபைலுக்குள்ள உண்மையில தமிழே கெடையாதுங்க. இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் செமிகோலனும்தான் இருக்கும், அந்த ஃபான்ட் இருந்தாதான் தமிழா தெரியும். ஸ்ரீலிபி வச்சிருந்தா அதுக்கு டாங்கிள் வேற. பேஜ்மேக்கர அடோபி 2004-லயே கைவிட்டாச்சு, ஆனா நம்ம டெல்டா பூரா இன்னும் அதுலதான் பத்திரிக அடிக்கறோம். விண்டோஸ விட உங்கள இறுக்கி புடிச்சிருக்கறது இதுதான், இத விடுவிக்காம ஓஎஸ் மட்டும் மாத்தினா ரெண்டாவது நாளே கஸ்டமர் வந்து போன வருஷ நோட்டீஸ்ல தேதி மட்டும் மாத்தி குடுங்கன்னு நிப்பாரு, நீங்க திரும்ப விண்டோஸுக்கே ஓடுவீங்க, லினக்ஸ் சரியில்லன்னு பேரு வேற.

தமிழ்நாடு அரசு 2010-லயே யுனிகோட் (எந்த ஃபான்ட்லயும் தமிழ் தமிழாவே இருக்கற முறை) தான் ஸ்டாண்டர்டுன்னு அறிவிச்சாச்சு. அதனால இனிமே புதுசா அடிக்கறத எல்லாம் யுனிகோட்ல அடிங்க, இன்னிக்கே, இருக்கற விண்டோஸ்லயே ஆரம்பிச்சிடலாம். பழசுல அடிக்கடி திரும்ப வர்ற ஃபைல மட்டும் எடுத்து, டெக்ஸ்ட்ட காப்பி பண்ணி என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யுனிகோடா மாத்திக்கங்க. கம்ப்யூட்டர் படிச்ச பசங்க யாராவது தெரிஞ்சா ஓப்பன் தமிழ்னு பைத்தான் லைப்ரரி இருக்கு, அதுல மொத்தமா மாத்திடலாம். எல்லாத்தையும் மாத்தறேன்னு உக்காராதீங்க, முடியாது. மீதிய பிடிஎஃப்பா எடுத்து ஒரு ஹார்ட்டிஸ்க்ல போட்டு வச்சிடுங்க, பாத்து திரும்ப அடிக்கவாவது உதவும்.

லினக்ஸ்ல தமிழ் டைப்பிங் கஷ்டம்னு யாரும் பயமுறுத்தினா நம்பாதீங்க. ஐபஸ் இல்லன்னா எஃப்சிஐடிஎக்ஸ்ங்கற டைப்பிங் சாஃப்ட்வேர், கூட எம்17என் பேக்கேஜ் போட்டா தமிழ் 99-ம் இருக்கும், பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டும் இருக்கும், தங்கிலீஷ்ல அடிக்கற ஃபொனெட்டிக்கும் இருக்கும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ண அக்கா கடையில வேல பாத்தா அவங்க விரல் பழக்கம் மாற வேண்டியதே இல்ல, ஒண்ணு ரெண்டு எழுத்துக்கு மட்டும் மொதல்ல தடுமாறுவாங்க. பேஜ்மேக்கர் மாதிரி பக்கம் லேஅவுட் பண்ண ஸ்க்ரைபஸ் 1.6 நல்லா வந்திருக்கு, தமிழ் கொம்பு, கால் எல்லாம் இப்ப ஒழுங்கா உக்காருது, பழைய வெர்ஷன்ல கேவலமா இருக்கும். பேஜ்மேக்கர் ஃபைல லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும், கோரல் டிரா ஃபைலயும் ஓரளவுக்கு திறக்கும், ஆனா அப்படியே பிரின்ட்டுக்கு போற அளவுக்கு வரும்னு நெனைக்காதீங்க. ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பறப்ப பிடிஎஃப்பா குடுங்க, பெரும்பாலும் வாங்கிப்பாங்க. சிவகாசி பிரஸ்காரங்க கோரல் ஃபைல்தான் வேணும்னு அடம் புடிச்சா அந்த விண்டோஸ் மெஷின் இருக்கவே இருக்கு.

பிரின்டர். இதுதான் ஜெராக்ஸ் கடைக்கு உயிர், ஓஎஸ் முடிவே இதுலதான் நிக்கும். நம்ம ஊர்ல கடைக்கு கடை இருக்கறது ரெண்டு மாடல், கேனன் எல்பிபி 2900, எச்பி 1020. எச்பி 1020 லினக்ஸ்ல ஓடும், எச்பிலிப்ங்கற டிரைவர போட்டு அதோட பிளகின்ன ஒரு தடவ நெட்ல எறக்கணும், அது சோர்ஸ் இல்லாத பிளகின்தான், வேற வழியில்ல. கேனன் 2900 தலவலி. அதுக்கு கம்பெனி குடுத்த பழைய டிரைவர் புது லினக்ஸ்ல ஒழுங்கா உக்காராது, ஆர்வலர்கள் தாங்களா எழுதின டிரைவர் ஒண்ணு இருக்கு, சில பேருக்கு ஓடுது, சில பேருக்கு பேப்பர் மாட்டினா அதோட நின்னுடுது. அது உங்ககிட்ட இருந்தா விண்டோஸ் மெஷின்லயே மாட்டி வச்சுக்கங்க, லினக்ஸ்லேருந்து பிடிஎஃப்ப லேன்லயோ பென்டிரைவ்லயோ அங்க அனுப்பி அடிங்க. அடுத்த தடவ பிரின்டர் வாங்கறப்ப போஸ்ட்ஸ்கிரிப்டோ, ஏர்பிரின்ட் மாதிரி டிரைவர் தேவையில்லாத வசதியோ இருக்கறதா பாத்து வாங்குங்க, அப்புறம் எந்த ஓஎஸ் போட்டாலும் கவல இல்ல.

விண்டோஸ விட்டு நகராதது இன்னும் சிலது. டேலி விண்டோஸ்ல மட்டும்தான். ஆதார் விரல் ரேகை வைக்கற மெஷினு பெரும்பாலும் விண்டோஸ், ஆண்ட்ராய்டு ரெண்ட நம்பித்தான் இருக்கு, அதுல வேல பாக்கறவங்க லினக்ஸ்ல முயற்சி பண்ணி நேரத்த வீணாக்காதீங்க. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கு, ஆனா டெண்டர் போர்ட்டல்ல கடைசி நாள் சாயங்காலம் அது மக்கர் பண்ணினா உங்க நெலம என்னாகும். கடை ஜிஎஸ்டி நீங்க தனி ஆளா போடறதா இருந்தா ஓடிபிலயே ஃபைல் பண்ணிடலாம், டோக்கனே வேணாம். இதுக்கெல்லாம்தான் ஒரு மெஷின் விண்டோஸ்லயே இருக்கட்டும்னு சொன்னேன். நெட் தேவைப்படற வேலைக்கு மட்டும் கேபிள சொருகி, வேல முடிஞ்சதும் எடுத்துடுங்க. கிராக் ஏத்தின விண்டோஸா இருந்தா இத ரெண்டு மடங்கு கவனமா செய்யணும், அந்த ஆக்டிவேட்டர் ஃபைலுக்குள்ள என்ன வருதுன்னு ஏத்தின பையனுக்கே தெரியாது. நம்ம பக்கம் லினக்ஸுக்கு காசு கெடையாதுன்னு சொன்னா எவனும் அசைய மாட்டான், விண்டோஸுக்கும் இங்க யாரு காசு குடுத்தா.

ஆன்லைன் பக்கம். ஓஎஸ்ஸ மாத்திட்டு அதுல குரோம் போட்டு, ஜிமெயில்ல லாகின் பண்ணி, அப்படியே உக்காந்திருந்தா கூகுளுக்கு முன்னாடி தெரிஞ்சது எல்லாம் இப்பவும் தெரியும். லினக்ஸ் அதுல ஒண்ணும் கிழிக்காது. ஃபயர்ஃபாக்ஸ் போடுங்க, உள்ள யூபிளாக் ஆரிஜின்ங்கற விளம்பரத் தடுப்பு போடுங்க. குரோம்ல அதோட முழு வெர்ஷன ஓட விடாம பண்ணிட்டாங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல ஓடுது. ஃபயர்ஃபாக்ஸ் நடத்தற மொஸில்லாவுக்கு பெரும்பங்கு வருமானம் கூகுள் சர்ச் ஒப்பந்தத்துலேருந்துதான் வருதுங்கறதயும் சொல்லிடுறேன், அவங்களையும் கண்ண மூடிட்டு நம்ப வேண்டியதில்ல. கடை மெஷின்ல கஸ்டமர் மெயில் திறந்து பிரின்ட் எடுப்பாங்கல்ல, அதுக்கு தனி யூசர் போட்டு, எப்பவும் பிரைவேட் விண்டோலயே திறக்கற மாதிரி வச்சிடுங்க. இது உங்க சுதந்திரத்துக்கு இல்ல, அவங்களோட மானத்துக்கு.

சாஃப்ட்வேர் எங்கேருந்து வருதுங்கறதும் முக்கியம். 2022-ல பல மாசம் விஎல்சி பிளேயரோட வெப்சைட்டு நம்ம நாட்டுல திறக்கல, பிளாக் பண்ணிட்டாங்க, அந்த வருஷம் நவம்பர்லதான் தடை நீங்குச்சு. விண்டோஸ்காரங்க எவனோ ஏத்தி வச்ச காப்பிய எறக்கி வைரஸ் வாங்கிகிட்டாங்க. டெபியன், மின்ட்காரங்களுக்கு விஷயமே தெரியல, ஏன்னா விஎல்சி அவங்களுக்கு அந்த லினக்ஸ் வகையோட சொந்த சர்வர்லேருந்து வருது, அதுக்கு ஊருக்கு ஊர் மிரர்னு நகல் சர்வர் இருக்கு. கண்ட சைட்லேருந்து எறக்காம அந்த சாஃப்ட்வேர் மேனேஜர்லேருந்து மட்டும் போடுங்க.

அப்புறம் ஏத்தறது. இதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு, நீட்டல. ஒரு 8 ஜிபி பென்டிரைவ், அதுல ஓஎஸ்ஸ எழுத வென்டாய் இல்லன்னா ரூஃபஸ், பென்டிரைவ்லேருந்தே லைவ்ல பூட் பண்ணி வைஃபை, சவுண்டு, பிரின்டர் மூணையும் பாத்துட்டு அப்புறம் இன்ஸ்டால் பண்ணுங்க. டவுன்லோட் பண்ண ஐஎஸ்ஓ ஃபைலோட செக்சம் (ஃபைல் மாறலன்னு காட்டற அடையாள எண்) சரிபாக்கறத மட்டும் விட்றாதீங்க. 2016 பிப்ரவரில லினக்ஸ் மின்ட் வெப்சைட்டயே ஹேக் பண்ணி கள்ளக்கதவு வச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்க்க மாத்தி வச்சிட்டானுங்க, கொஞ்ச நேரத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்கன்னாலும் அதுக்குள்ள எறக்கினவங்க மாட்டினாங்க. பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி போடுங்க, ஓஎஸ் மாத்தறத விட அதுலதான் வித்தியாசம் அதிகமா தெரியும். லேப்டாப்ல 2 ஜிபி ரேம்தான் இருக்குன்னா எக்ஸ்எஃப்சிஇ ஓடும், ஆனா பிரவுசர்ல அஞ்சாறு டேப் தாண்டினா திணறும். எல்எம்டிஇல சின்னமன்ங்கற கொஞ்சம் கனமான டெஸ்க்டாப் மட்டும்தான் வருது, அது கடை மெஷினுக்கு சரி, இந்த லேப்டாப்புக்கு வேணாம்.

போனயும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், கேக்கலன்னாலும் ரெண்டு வரி. கம்பெனி பிடி இல்லாத ஆண்ட்ராய்டு வகையில, கிராஃபீன் ஓஎஸ் கூகுளோட பிக்சல் போன்ல மட்டும்தான் ஏறும். லீனியேஜ் நிறைய மாடலுக்கு இருக்கு, ஆனா பூட்லோடர (வேற ஓஎஸ் ஏத்த விடாத பூட்ட) திறந்த போன்ல சில பேங்க் ஆப்பும் யுபிஐ ஆப்பும் முரண்டு புடிக்கும். கடையில க்யூஆர் வச்சு காசு வாங்கறவங்க அந்த போன்ல விளையாடாதீங்க. எஃப்-டிராய்ட்ங்கற திறந்த சோர்ஸ் ஆப் ஸ்டோர் மட்டும் போட்டு அதுலேருந்து பிடிஎஃப் ரீடர், கீபோர்டு, ஃபைல் மேனேஜர்னு ஒவ்வொண்ணா மாத்திகிட்டு வந்தாலே இப்போதைக்கு போதும்.

உங்க ரெண்டு டெஸ்க்டாப்போட ப்ராசஸர், ரேம், அப்புறம் பிரின்டர் மாடல் நம்பர், இந்த மூணையும் கீழ போடுங்கண்ணே. கேனன் 2900-ஆ இருந்தா எந்த மெஷின லினக்ஸுக்கு விடறதுங்கறதே மாறும், அத தெரிஞ்சுகிட்டு எல்எம்டிஇயா சாதா மின்ட்டான்னு சொல்றேன். அதுவரைக்கும் எதையும் ஃபார்மேட் பண்ணிடாதீங்க, பேஜ்மேக்கர் ஃபோல்டரையும் ஃபான்ட் ஃபோல்டரையும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைங்க.